ஈரத் தரையில் கால் நிற்க வேண்டுமானால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளமும் அதைச் சுற்றியுள்ள இடங்களும் என் பொறுப்பில் இருக்கின்றன. குளத்துத் தண்ணீருக்குப் பதிவேடு உண்டு. குளோரின் எவ்வளவு, பிஎச் எவ்வளவு, ஃபில்டரை எப்போது கழுவினோம் என்று வேளை தவறாமல் எழுதுகிறோம். தரைக்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை. ஆனால் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் ஏற்பட்டவை அல்ல. குளத்திலிருந்து ஏறித் துண்டு எடுக்கப் போகும் வழி, ஷவருக்குத் திரும்பும் மூலை, உடை மாற்றும் அறையின் வாசல் இவைதான் ஆளை விழவைத்த இடங்கள். மணிக்கட்டு முறிந்திருக்கிறது, பின்மண்டை உடைந்து தையல் போட்டிருக்கிறார்கள், ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் பாட்டி குளத்தில் இறங்கவே இல்லை. பேரன் நீந்துவதைப் பார்க்க வந்தவர், கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் ஒரே விளக்கம்தான் வரும்: "தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது." இந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. குளக்கரை என்றால் ஈரமாகத்தான் இருக்கும். அதே ஈரத்தில் நாள் முழுக்க ஆட்கள் நடக்கிறார்கள், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் விழுகிறார்கள். அங்கே தண்ணீரோடு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் வழி பிறக்கும்.

இதற்காக பம்ப் அறைக் கதவின் உட்புறத்தில் குளத்தின் வரைபடம் ஒன்றை ஒட்டி வைத்தோம். கையால் வரைந்த சாதாரணப் படம்தான். யாராவது விழுந்தால் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. விழப் பார்த்துச் சமாளித்துக்கொண்டால் நீலப் புள்ளி. பக்கத்தில் நேரம், செருப்பா வெறுங்காலா, வயது சுமார் எவ்வளவு என்று ஒரு வரி. நீலப் புள்ளிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். காயம் படுவதற்கு முன்பே அவை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உயிர்காப்பாளர்களுக்கு முதலில் இது வேண்டாத வேலையாகத் தெரிந்தது. புள்ளிகள் ஒரே இடத்தில் குவிய ஆரம்பித்ததும் அவர்களே பேனாவைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்படிக் குவிந்த இடங்களில் ஒன்று எங்களை வெகுநாள் குழப்பியது. குளத்தின் விளிம்பிலிருந்து தள்ளி, வேப்ப மரத்தை ஒட்டிய நடைபாதை. தண்ணீர் அதிகம் தெறிக்காத இடம். டைல்ஸ் சொரசொரப்பாகத்தான் இருந்தது. எங்கள் குழுவில் மூத்தவர், துப்புரவு வேலையில் பழுத்த ஒரு அக்கா, ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த இடத்தைப் பாருங்கள். மற்ற இடத்தில் தண்ணீர் ஊற்றினால் பரவுகிறது. இங்கே மட்டும் முத்து முத்தாக நிற்கிறது." குனிந்து பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, ஒட்டாமல் உருண்டு நின்றது. விரலால் தேய்த்தால் பிசுக்கு. முகர்ந்தால் மூலிகைத் தைலத்தின் வாசனை.

விஷயம் அப்போதுதான் விளங்கியது. எண்ணெய் மசாஜ் அறையிலிருந்து குளத்துக்கு அதுதான் குறுக்கு வழி. உள்ளங்கால் வரை எண்ணெய் பூசிக்கொண்டவர்கள் அரைகுறையாகத் துடைத்துவிட்டு, நேராகக் குளத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் விழுந்ததாகப் பதிவு இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்மேல், பிறகு ஈரக்காலோடு வந்தவர்கள் வழுக்கினார்கள். மசாஜ் அறையின் பின்பக்கம் இருந்த ஷவர் பழுதாகி மூடிக் கிடந்தது. அதைச் சரிசெய்து, வெந்நீரும் சிகைக்காயும் வைத்து, குளித்த பிறகே குளத்துக்கு என்று மாற்றினோம். குறுக்கு வழியில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து அடைத்தோம். புள்ளிகள் நின்றுபோயின. இது தெரிவதற்கு முன் நிர்வாகம் அந்த நடைபாதைக்குப் புது டைல்ஸ் போட மதிப்பீடு கூட வாங்கி வைத்திருந்தது.

எண்ணெய் என்பது நம் ஊர்க் குளக்கரைகளில் பெரிய விஷயம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம், வெயிலுக்குக் கிரீம் பூசுபவர்கள் ஏராளம். குளத்தில் இறங்குமுன் ஷவரில் குளியுங்கள் என்றால் தலையில் நாலு சொட்டு தெளித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த எண்ணெய் தண்ணீரில் மிதந்து, அலையோடு விளிம்புக்கு வந்து, மேலே தெறித்துத் தரையில் படிகிறது. அதன்மேல் பஜ்ஜி, ஐஸ்கிரீம். பிறந்தநாள் விழாவுக்கு நுரை இயந்திரம் கேட்டு வருபவர்களும் இப்போது அதிகம். நுரை என்பது சோப்புக் கரைசல். ஓடும் குழந்தைகள் நிறைந்த இடத்தில், டைல்ஸ் தரையில் சோப்பைக் கொட்டுவதற்கு நான் சம்மதிப்பதில்லை. புல்தரையில் வையுங்கள், முடிந்ததும் கால்களைக் கழுவிவிட்டு அனுப்புங்கள் என்பேன். கட்டணம் போய்விடுமே என்று மேலிடத்தில் வருத்தப்பட்டார்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கால் ஏன் வழுக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று சிக்கிக்கொள்கிறது. அடி வைத்த கணத்தில் அந்த நீர் வெளியேற வழி இருந்தால் தோல் தரையைத் தொடும், பிடிப்பு கிடைக்கும். வழி இல்லையென்றால் கால் நீரின்மேலேயே மிதந்துபோகும். டைல்ஸில் இருக்கும் பொடிப்பொடி மேடுபள்ளங்கள் அந்த வழிகள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு நுண்ணிய மேடுகள் போதும், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு உயரம் இருந்தாலே சுத்தமான தண்ணீரைத் துளைத்து நிற்கும். எண்ணெய், சோப்பு போன்ற கெட்டித் திரவங்களுக்கு அது போதாது, மேடுகள் இன்னும் உயரமாக இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளங்கள் நிரம்பிவிட்டால் சொரசொரப்பான டைல்ஸும் கண்ணாடியாகிவிடும். அம்மி தேய்ந்தால் கொத்த வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். குளக்கரைத் தரையும் அப்படித்தான், போட்டதோடு வேலை முடிவதில்லை. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அது காயக் காய வெள்ளை உப்பு படியும். உப்பின் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் அழுக்கு, அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாசி. வெயில் படாத மதிற்சுவர் ஓரத்தில் பாசி பச்சையாகத் தெரிவதற்கு முன்பே வழவழப்பு வந்துவிடும். கண்ணை நம்பிக் காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

எது படிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பச்சையோ பழுப்போ ஒட்டினால் பாசி. வெள்ளைப் படிவத்தின்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு உப்பு. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பினாயில் என்று ஊற்றிக்கொண்டிருக்கும் இடங்களில் தரை மணக்கும், வழுக்கவும் செய்யும்.

எண்ணெய்க்குக் காரத்தன்மையுள்ள கிளீனர் வேண்டும். டப்பாவில் சொன்ன அளவுக்குத்தான் கலக்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் சுத்தம் என்பது தவறான எண்ணம். அலசி எடுக்க முடியாமல் மிச்சம் நிற்கும் கிளீனரே அடுத்த நாள் வழுக்கும். ஊற்றியதும் தேய்க்காமல் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், ஆனால் காயவிடாதீர்கள். எங்கள் வெயிலில் அதற்காகவே இந்த வேலையை விடியற்காலையில் செய்கிறோம். பிறகு கெட்டியான நைலான் பிரஷ்ஷால் இரு திசையிலும் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வைப்பரால் வடிகாலுக்குத் தள்ளி, இரண்டு முறை அலச வேண்டும். சொரசொரப்பான தரைக்கு மாப் உதவாது. அது மேட்டில் இருக்கும் அழுக்கைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு வரும். மாப்பைத் தூக்கிப்போட்டு பிரஷ் வாங்கிக் கொடுத்ததுதான் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும். அதை அப்படியே தூவாமல் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தரையில் வெள்ளையாகப் படியும். இன்னொன்று, செத்த பாசியும் வழுக்கும். நிறம் போய்விட்டதே என்று விட்டுவிடாமல் தேய்த்து எடுக்க வேண்டும்.

உப்புக்கு அமிலக் கிளீனர். இங்கேதான் கவனம். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரையே எடுக்கும். ஒரே நாளில் இரண்டையும் தரையில் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் இடத்தில் சட்டம். இரண்டு டப்பாக்களும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன, தனித்தனி வாளிகள், வாளிக்குத் தனித்தனி நிறம். கடப்பா கல், கோட்டா கல், பளிங்கு இவற்றின்மேல் அமிலம் படவே கூடாது. சுண்ணாம்புக் கற்கள் அரித்துப்போகும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் பூச்சையும் அமிலம் தின்றுவிடும்.

அடுத்தது வாட்டம். இதைப் பற்றிக் கட்டும்போது பேசாவிட்டால் பிறகு ஆயுள் முழுக்கப் பேச வேண்டியிருக்கும். தண்ணீர் குளத்திலிருந்து விலகி வடிகாலை நோக்கி ஓட, ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். குறைந்தால் தேங்கும். கூடினால் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் தொந்தரவு. மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதே கடைசிச் சோதனை. தரை முழுக்க நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் குட்டை நிற்கிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்கள் குளத்தின் ஆழம் குறைந்த பக்கப் படிக்கட்டுக்கு நேரெதிரே, குழந்தைகள் ஏறி வரும் இடத்திலேயே, அப்படி ஒரு குட்டை நின்றது. மொத்தத் தரையையும் பெயர்க்கவில்லை. இரண்டு வரிசை டைல்ஸை மட்டும் எடுத்து, குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, துளையிட்ட மூடி போட்டோம். மூடியின் துளைகள் குழந்தையின் விரல் நுழையாத அளவுக்குச் சிறியவையாக இருக்க வேண்டும். அந்த வாய்க்காலில் வேப்பிலையும் தலைமுடியும் அடைக்கும். தினமும் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்யும் வேலை யாருடையது என்று பெயர் போட்டு எழுதாவிட்டால் ஒரே வாரத்தில் மறுபடி குட்டைதான்.

புதிதாக டைல்ஸ் வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கடையில் 'ஆன்டி ஸ்கிட்' என்பார்கள். அது ஒரு வாக்குறுதி, அளவு அல்ல. ஆர்9 முதல் ஆர்13 வரை எண் காட்டுவார்கள். அது செருப்பு, ஷூ போட்ட காலுக்கான ஜெர்மன் சோதனை, தரையில் எண்ணெய் தடவிச் செய்யப்படுவது. வெறுங்காலுக்கு வேறு சோதனை இருக்கிறது, டிஐஎன் 51097 என்ற ஜெர்மன் தர எண்ணால் அறியப்படுவது. சோப்புத் தண்ணீர் ஓடும் டைல்ஸ் பலகையில் ஒருவர் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடப்பார், பலகையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள், எத்தனை பாகையில் அவர் கால் நழுவுகிறது என்று பார்ப்பார்கள். 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. உடை மாற்றும் அறையின் உலர்ந்த பகுதிக்கு ஏ போதும். குளத்தைச் சுற்றிலும் ஷவர் பகுதியிலும் பி வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி. ஏற்கெனவே போட்ட தரையை அளக்க ஊசல் கருவி இருக்கிறது. ரப்பர் பட்டை பொருத்திய கை ஒன்று ஆடி வந்து ஈரத் தரையை உரசிப்போகும். பிரிட்டனில் அந்த அளவீடு 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு என்றும் 25க்குக் கீழே போனால் அதிகம் என்றும் கணக்கிடுகிறார்கள். பெரிய குளம் நடத்துபவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. சிறிய இடங்கள், கடையிலிருந்து நான்கு மாதிரி டைல்ஸ் வாங்கி வந்து ஷாம்பூத் தண்ணீர் ஊற்றி, யாராவது கையைப் பிடித்துக்கொள்ள, வெறுங்காலோடு குதிகாலைத் திருகிப் பாருங்கள். மிகவும் சொரசொரப்பானதைத் தேடியும் போகாதீர்கள். குழந்தைகளின் முழங்கால் தோல் உரியும், பிரஷ் போடுபவரின் தோளும் வலிக்கும், அப்புறம் யாரும் தேய்க்க மாட்டார்கள்.

தரை மாறும் இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். சொரசொரப்பான தரையில் நடந்து பழகிய கால், வரவேற்பறையின் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸில் ஈரத்தோடு ஏறும்போது நிலைகுலையும். அந்தப் பாட்டி விழுந்தது அப்படிப்பட்ட வாசலில்தான். அங்கே இப்போது தண்ணீர் வடியும் ரப்பர் மேட் ஒன்று, கதவுக்கு இரு பக்கமும் நாலடி நடக்கும் நீளத்துக்குப் போட்டிருக்கிறோம். பக்கத்தில் சுவரோடு கைப்பிடி. தினமும் இரவில் மேட்டைத் தூக்கி இருபுறமும் கழுவி, காலையில் வெயில் படும்படி தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் அதற்கு அடியிலேயே பாசி குடியேறும். தேங்காய் நார் மேட் அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை விடாது. குளக்கரைக்கு வேண்டாம்.

'ஓடாதீர்கள்' பலகை பற்றிக் கேட்பார்கள். வையுங்கள், தவறில்லை. ஆனால் குழந்தை ஏன் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். எங்கள் இடத்தில் சறுக்குமரத்தின் முடிவிலிருந்து மறுபடி ஏறும் ஏணி வரை நீண்ட நேர்வழி இருந்தது. நேர்வழியைக் கண்டால் எந்தக் குழந்தை நடக்கும்? நடுவே வளைவாக ஒரு தடுப்புக் கம்பி வைத்ததும் வேகம் தானாகக் குறைந்தது. துண்டு வைக்கும் அலமாரி குளத்திலிருந்து தொலைவில் இருந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு சொட்டச் சொட்ட அவ்வளவு தூரம் ஓடினார்கள். அலமாரியைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். ஓட்டமும் குறைந்தது, நடைபாதையின் ஈரமும் குறைந்தது. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை தரை கழுவும்போது மட்டும் இருக்க வேண்டும். நாள் முழுக்க அதே இடத்தில் நின்றால் தூணைப் போல அதுவும் யார் கண்ணிலும் படாது.

எனக்கு மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் பணியாளர்களைப் பற்றியது. விருந்தினர் விழுந்தால் ஆம்புலன்ஸ், மன்னிப்பு, அறிக்கை எல்லாம் நடக்கிறது. விடியற்காலையில் சோப்புத் தண்ணீருக்கு நடுவே நின்று தேய்ப்பவர் விழுந்தால் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வேலையைத் தொடர்கிறார். வலி நிவாரணி தைலத்தைத் தன் காசில் வாங்குகிறார். சொன்னால் வேலைக்குப் பங்கம் வருமோ என்று பயம். எங்கள் வரைபடத்தில் அவர்கள் விழுந்ததையும் சேர்த்தபோதுதான் ஷவர் பகுதியின் உண்மையான நிலை தெரிந்தது. பெரும்பாலோர் அடி தேய்ந்து வழவழத்துப்போன ஹவாய்ச் செருப்போடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அடியில் ஆழமான வரிகள் உள்ள ரப்பர் ஷூ எல்லோருக்கும் நிர்வாகச் செலவில் வாங்கவைத்தோம், வரி தேய்ந்ததும் மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீளக் கைப்பிடி பிரஷ், கையுறை, குனிந்து தேய்க்கும் நேரத்துக்கு இடையில் ஓய்வு, இவையெல்லாம் சலுகை அல்ல. தரையைக் காப்பவர்களுக்குத் தர வேண்டியவை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அடியில் வரியுள்ள செருப்பைக் கையோடு கொண்டுபோங்கள். முதியவர்களை ஷவருக்கும் கழிவறைக்கும் தனியாக அனுப்பாதீர்கள். ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்தபடி, இரு கையும் பிடித்தபடி. ஈரத் தரையில் குதிகாலை முன்னே வீசி நடக்காமல், பாதம் முழுவதும் தரையில் படும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்க நேர்ந்தால் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால், நம் ஊரில் நாலு பேர் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். நல்ல மனத்தோடு செய்வதுதான், ஆனால் கழுத்திலோ முதுகுத்தண்டிலோ அடி பட்டிருந்தால் அந்தத் தூக்கலே நிரந்தரப் பாதிப்பைத் தந்துவிடலாம். அசையாமல் படுக்கச் சொல்லுங்கள். பேச்சுக் கொடுங்கள், கை கால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்து வலி, மயக்கம், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள். தலையில் அடி பட்டவர் நன்றாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட வேண்டாம். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

அவரை அனுப்பிவைத்த கையோடு, யாரும் அந்த இடத்தைத் துடைப்பதற்கு முன், போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது பரவுகிறதா முத்தாக நிற்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். எங்கள் இடத்தில் இதைச் செய்து முடிக்கும் வரை அந்தப் பகுதி கயிறு கட்டி மூடப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக் கூட்டமாக இருந்தாலும் சரி.